அபராதத்துக்கு ஒரு டப்பா

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும்
ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள்
இதை எழுதிக் கதவில் ஒட்டிவிட வேண்டும்.

ஹேசல்ஃபோர்டு பொது நூலகம், இலையுதிர்காலச் செய்திகள்.
வியாழன்தோறும் இனி ஆறு மணிக்கே மூடுகிறோம்.
வாசல் விளக்கு எரியவில்லை.
ஜனவரியில் பார்ப்பதாக நகரசபை சொல்லியிருக்கிறது,
எந்த ஜனவரி என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை காய்ச்சல் தடுப்பூசி, சிறுவர் பகுதியில்.
நாற்காலிகள் முழங்கால் உயரம்தான்;
உட்கார்ந்தால் எழ முடியாதவர்கள் நின்றே போட்டுக்கொள்ளலாம்.
அன்றே பிற்பகல் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு.
துப்பாக்கி வண்டியிலேயே இருக்கட்டும்.
ஆர்வில் ஸ்டூபே, உங்களைத்தான்.

விதை அலமாரியில் பீன்ஸ் தீர்ந்துவிட்டது.
வசந்தத்தில் எடுத்துப் போனவர்கள்
காய்த்ததில் ஒரு பிடி உலர்த்தித் திருப்பித் தாருங்கள்.
பூசணி வேண்டாம்.
பூசணி கேட்காமலே வருகிறது,
படிக்கட்டில், இரவில், பெயர் போடாமல்.

அப்புறம், பெரிய எழுத்தில்:
இந்த மாதம் தாமதக் கட்டணம் காசாக வேண்டாம்.
ஒரு டப்பா உணவு போதும்.

காகித ஆலை ஆகஸ்டில்
இரண்டாம் ஷிப்டை நிறுத்தியது என்பதை எழுதவில்லை.
அது எல்லோருக்கும் தெரியும்.

முதலில் இன்கிரிட் வந்தாள்.
மூன்று நாள் தாமதத்துக்கு ஏழு டப்பா.
‘மீதியைக் கணக்கில் வை,
நான் எப்படியும் தாமதிப்பேன்’ என்றாள்.
பிறகு ஹார்லன் ஓக்ரென்.
இந்த ஊரில் அறுபது வருஷம்,
ஒரு புத்தகம் எடுத்தவரில்லை, அட்டையே கிடையாது.
தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு
‘எனக்கு எவ்வளவு அபராதம்?’ என்றார்.
கணினியில் ஏதோ தட்டினேன்.
திரையைப் பார்த்து முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு
‘பன்னிரண்டு’ என்றேன்.
‘அநியாயம்’ என்றபடி வண்டிக்குப் போனார்.
பதினான்காகக் கொண்டுவந்தார்.

மேசை நிறைந்ததும் அலமாரிக்கு ஏற்றினேன்.
இருபத்தாறு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா?
பீச் பழம் தோட்டக்கலையில்,
சூரை மீன் தூண்டில் நூல்களுக்குப் பக்கத்தில்,
சோளம் உள்ளூர் வரலாற்றில்.
காகிதம் கிழிந்து
உள்ளே என்னவென்றே தெரியாத ஒன்றை
மர்ம நாவல்களோடு வைத்தேன்.

மார்லா விங்கர் செவ்வாய்க்கிழமை வந்தாள்.
ஆலையில் பொட்டலம் கட்டியவள்,
இப்போது வேலைக்கான விண்ணப்பங்களை
இங்கே அச்சிட்டுக்கொள்கிறாள், பக்கம் பத்து சென்ட்.
தோட்டக்கலைப் பக்கம் வெகுநேரம் நின்றாள்.
பையில் போட்டிருக்கலாம்;
நான் ஜன்னல் பக்கம் திரும்பி
மேப்பிள் மரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஒரே மரம், திரும்பத் திரும்ப.
அவளோ மேசைக்கு வந்து
ஒரு சமையல் புத்தகத்தின் மேல்
இரண்டு பீச் டப்பாக்களை அடுக்கி வைத்தாள்.

‘எப்போது திருப்ப வேண்டும்?’

அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.
புத்தகத்துக்கு மூன்று வாரம், குத்திக் கொடுத்தேன்.
பிறகு முத்திரையின் சக்கரங்களைச் சுழற்றினேன்,
நாள், மாதம், ஆண்டு,
ஒவ்வொன்றும் எண்ணே இல்லாத பல்லில் வந்து நின்றது.
மூடியில் அழுத்தினேன்.
நீலமாய் ஒரு வெறும் கட்டம் விழுந்தது.
அதைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள்;
மை காயவில்லை,
விரலோடு கொஞ்சம் போய்விட்டது.

மாவட்ட அலுவலகம் கேட்டிருக்கிறது:
அக்டோபரில் கடன் எண்ணிக்கை
இருநூற்றுப் பதினொன்று கூடியது எப்படி?
வானிலை என்று எழுதி அனுப்பினேன்.

மறந்துவிட்டேன்:
ஞாயிறு பத்து மணிக்கு இலை வாருகிறோம்.
வாரி உங்களுடையது, காபி நம்முடையது.
வாரியதை ஓடையில் தள்ள வேண்டாம்.

டப்பா திறப்பான் மேசையின் இடது இழுப்பறையில்.
அதற்கு அட்டை தேவையில்லை.

மர்ம நாவல் வரிசையில் ஓர் இடைவெளி தெரிகிறதே
என்று கேட்பவர்களுக்கு:
ஹார்லன் எடுத்துப் போயிருக்கிறார்,
அவருடைய முதல் கடன்.
உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன்.
முடிவைச் சொல்லக் கூடாதாம்.