நின்றபடி ஓடுவது

கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிய மறுநாளிலிருந்து
நிற்கவே தெரியவில்லை ஆம்னிக்கு.
அஸ்தம்பட்டி சிக்னலில்
காலை எடுத்த பின்னும் உறுமுகிறது.
"மலைக்கு அவ்வளவு அவசரமா?" என்கிறார் போலீஸ்காரர்.
பின்னால் முப்பது தட்டு முட்டை.

பயமெல்லாம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போதுதான்.
இரண்டாம் கியரிலும் பிடித்துக்கொள்ளாமல்
தள்ளுகிறது.
கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி
பிரேக் கருகும் வாசனை.

கோரிமேட்டில் செபஸ்தியான்
சீட்டைத் தூக்கி, ஐடில் திருகை
முழுக்கத் தளர்த்தினார். குறையவில்லை.
கேபிளில் தொய்வு சரியாகத்தான் இருந்தது.
பிறகு ஒரு ஓஸ் துண்டைக் காதில் வைத்து
மறுமுனையால் எஞ்சினைத் தடவிக்கொண்டே போனார்,
தூங்குகிறவனின் மூச்சைத் தேடுவதுபோல.

"கள்ளக் காத்து குடிக்குது."

மாட்டாமல் விட்ட ரப்பர் குழாய்,
சுண்டுவிரல் நீளம்.
அது இருந்த வாயை விரலால் அடைத்தார்: அடங்கியது.
எடுத்தார்: அலறியது.
விட்டது அவர் கைதான்.
அவர் கூலி கேட்கவில்லை,
நான் வேறெதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் வளைவில் அணைந்துபோனது வண்டி.
தளர்த்திய திருகு தளர்ந்தே கிடக்கிறது,
இருவருக்குமே நினைவில்லை.
டெஸ்டர் முனையால் அரைச் சுற்று.
இன்னும் கொஞ்சம்.

இப்போது நிற்கிறது, ஓடிக்கொண்டே.
முட்டைகள் ஒன்றையொன்று
மெல்லத் தட்டிக்கொள்வது
முதல்முறையாகக் கேட்கிறது.