நாற்பத்தொரு கடை

வேகத்தால்தான் அவர்கள் ஜெயித்தார்கள் என்று நினைக்கிறீர்களா?
கீழமாரட் வீதிக்கு ஒருநாள் வாருங்கள்,
வெங்காயச் சருகு பறக்கிற பதினொரு மணிக்கு.

எங்கள் செயலி அவர்களுடையதைவிட வேகம்.
ஜெரால்டும் நானும் எல்லீஸ் நகரில்
மொட்டைமாடித் தகரத்துக்குக் கீழே
இரண்டு கோடை வெந்து எழுதியது.
நெட் போனாலும் பில் போடும்.
கிலோ தெரியும், மூட்டை தெரியும்,
"பழைய பாக்கியோட சேத்துக்க" என்றால்
அதுவும் தெரியும்.

பூச்சிக்காளை மண்டியில்
அரைமணி நேரம் நின்று காட்டினேன்.
தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
"நல்லாத்தாம்மா இருக்கு.
ஆனா எவன் எவன் எனக்கு எம்புட்டுத் தரணும்ங்கிறது
அதுக்குள்ளல்ல கெடக்கு."

அதற்குள்.
ஆறு வருசக் கடன். ஆயிரத்து இருநூறு பேர்.
ஒட்டன்சத்திரத்து லாரிக்காரர் எண்.
கடையில் நிற்கும் பையன் ராத்திரி
எத்தனை மணிக்கு ஷட்டர் இறக்கினான் என்பதுகூட.

வெளியே எடுக்க ஒரு பொத்தான் இருந்தது.
அழுத்தினேன்.
கோப்பு வந்தது.
தமிழ்ப் பெயர்கள் எல்லாம்
கேள்விக்குறியாய், கேள்விக்குறியாய்.
கதவை யாரும் பூட்டவில்லை,
அந்தப் பக்கம் படிக்கட்டு வைக்க
மறந்திருந்தார்கள்.

எதிர்க்கடைப் பெட்டி அப்போது பேசியது:
நூற்று நாற்பது ரூபாய் வரவு.
பெட்டி இலவசம். குரல் இலவசம்.
மாசம் தொண்ணூறு ரூபாய் என்று சொல்ல
எனக்கு நாக்கு கூசியது.

ஆனாலும் சேர்ந்தன. நெல்பேட்டையில் ஏழு,
சிம்மக்கல்லில் மூன்று, பழ மார்க்கெட்டில் ஒரே நாளில் ஒன்பது.
நாற்பத்தொன்று ஆன அன்று
சாயங்காலமே போன் வந்தது.
"நாப்பத்தொரு கடை, வாழ்த்துகள்" என்றது
மரியாதையான ஒரு குரல்.
எங்களுக்கே அது காலையில்தான் தெரியும்.

வாங்கினார்கள்.
ஒரு வெள்ளிக்கிழமை அணைத்தார்கள்.
நாற்பத்தொரு கடைக்கும் ஒரே செய்தி போயிற்று:
உங்கள் அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது.
ஜெரால்டு கார் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் போனான்.
எனக்கு வடபழஞ்சியில்
மலை தெரிகிற ஜன்னலோரம் ஒரு மேசை.

இப்போது மாசம் பிறந்தால் பட்டியல் வரும்.
திண்டுக்கல், தேனி, விருதுநகர், நம்ம ஊர்.
கேள்விப்படாத சின்னச் சின்னப் பெயர்கள்,
பக்கத்தில் கூடிய எண்ணிக்கை.
பார்க்கவேண்டியது என்றால் மஞ்சள் பூசவேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
எங்கள் பெயருக்கு எவர் பூசினார் என்று
கேண்டீனில் முகம் முகமாய்த் தேடியிருக்கிறேன்.
எல்லாரும் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேற்றையப் பட்டியலில் கடைசி வரி:
உசிலம்பட்டி, பால் கணக்குச் செயலி,
எழுதியவர் ந. முத்தழகி,
முப்பத்தெட்டுப் பேர்.
இறக்கிப் பார்த்தேன்.
காலைப் பால், மாலைப் பால், கொழுப்பு, கழிவு,
தீவனத்துக்குப் பிடித்தம்,
எல்லாம் ஒரே விரலில்.

குறிப்பில் எழுதினேன்:
'நம்முடையதைவிட வேகம்.'

அனுப்பும் முன் வாசித்தேன்.
நம்முடையது.
அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் பார்த்தேன்,
வாக்கியம் நிற்கவில்லை.

மணி ஏழேகால். பஸ் ஏழரைக்கு.
மஞ்சள் இன்னும் பூசவில்லை.