மூன்று மில்லிமீட்டர்

அவள் பெயர் எங்களுக்குத் தெரியாது.
நெஞ்சுப் பக்கம் அச்சாகி வருவாள்:
ஊதா முகமூடி, ஒரு பக்கம் பறக்கும் சடை,
முறுக்கிய முஷ்டி.
சின்னக்கா என்றுதான் கூப்பிட்டோம்.

என்ற வேலை அவள் கண்ணைப் பார்ப்பது.
முகமூடி ஓட்டைக்குள் கருவிழி
நட்டநடுவில் நிற்கோணும்.
மூன்று மில்லிமீட்டர் விலகினால் சிவப்பு ஸ்டிக்கர்,
இடக்கைப் பக்கக் கூடை,
அப்புறம் காதர்பேட்டை.

நாற்பத்தி இரண்டாயிரம் பீஸ்.
எங்கேயோ ஒரு நாட்டில் அவள் படம்
டிவிடியாகி வீட்டுக்கு வீடு போகப்போகிறதாம்,
வாங்கினால் பனியன் இலவசமாம்.
அதற்காக நொய்யலுக்கு இந்தப் பக்கம்
பதினொரு நாளாக டபுள் ஷிப்ட்.
ஐப்பசி பிறப்பதற்குள்
கன்டெய்னர் தூத்துக்குடி போய்ச் சேரோணும்.

டேகில் இருந்ததை
ப்ளஸ் டூ வரைக்கும் போன சௌடேஸ்வரி
எழுத்துக் கூட்டினாள்:
வயது பதினாறு.
பகலில் பள்ளிக்கூடம்.
இரவில் திருடர்களைப் பிடிப்பாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தோம்.
சுவரில் நோட்டீஸ், மூன்று பாஷையில்,
பதினெட்டு ஆகாதவர்களுக்கு இரவு வேலை கிடையாது.
‘ஆடிட் வந்தா இவளை எங்கீங்க ஒளிக்கறது?’
பேக்கிங் ருக்மாத்தாள் கேட்டாள்.
பாத்ரூமில்தான், நாற்பத்தி இரண்டாயிரம் பேரையும்.
சிரித்த சிரிப்பில்
ஒரு ஸ்டிக்கரைத் தப்பான ஆளுக்கு ஒட்டிவிட்டேன்.

சிரிக்காதவள் ஒருத்தி.
நூல் பிசிறு வெட்டும் நத்தக்காடையூர்ப் பெண்,
வந்து நாலு மாசம்.
வயசு கேட்டால் பதினெட்டு என்பாள்,
சில நாள் கேட்காமலே.

சாம்பிள் பெட்டிக்குள் அந்த டிவிடியும் ஒன்று வந்திருந்தது.
கலர் ஒத்துப் பார்க்க ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டார்கள்.
இந்த வட்டாரத்தில் ஓடாது என்று ஒரு வரி,
அவ்வளவுதான்.
பூமியைத் துண்டு போட்டு நம்பர் கொடுத்திருக்கிறார்களாம்,
நாம் வேறு நம்பராம்.
பனியனுக்கு அப்படி நம்பர் எதுவும் இல்லை.

அனுப்பர்பாளையத்தில்
சௌடேஸ்வரியின் அண்ணன் வீட்டு பிளேயர்
வட்டமாக எதைக் கொடுத்தாலும் ஓட்டும்,
தோசையைத் தவிர.
டிபன் பாக்ஸின் மூடிக்கு அடியில்
சின்னக்கா கேட்டைத் தாண்டினாள்.
ஞாயிற்றுக்கிழமை,
கரண்ட் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம்.

பாஷை புரியவில்லை. தேவையும் படவில்லை.
திருடன் திருடனாகத்தான் இருந்தான், கோட்டுப் போட்டு.
அவள் மாடியிலிருந்து
மழைநீர்க் குழாயைப் பிடித்து இறங்கினாள்,
கூரைக்குக் கூரை தாவினாள்.
நத்தக்காடையூர்ப் பெண்
முட்டியைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.
‘ஹாஸ்டல் சன்னலுக்குக் கம்பி இருக்குதுங்’ என்றாள்,
யாரும் எதுவும் கேட்கவில்லை.

பாதிப் படத்தில் ஒருவன் அவளை அறைந்தான்.
முகமூடி இடப்பக்கம் நகர்ந்தது.
ஒரு கண் முழுசாக, ஒரு கண் பாதியாக.
அவள் அதைச் சரி செய்யவில்லை.
கரண்ட் போகிற வரை
அப்படியேதான் ஓடினாள்.

எழுந்து போய்
திரையில் நகம் வைத்து அளந்திருந்தேன்.
மூன்று இருக்கும். கூடவும் இருக்கும்.

ரிஜெக்ட் முன்னூற்றுப் பன்னிரண்டு.
கீழே என்ற கையெழுத்து.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் நாச்சிமுத்துவிடம் சொன்னேன்.
‘படத்துல எப்புடியோ இருந்துட்டுப் போவுதுக்கா.
ஷீட்டுல எப்புடி இருக்குதோ அதுதானுங் மொகம்.’
வாஸ்தவம்.
ஷீட்டில் அவளை யாரும் அறையவில்லை.

கன்டெய்னர் போய்விட்டது.
புஷ்பா ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கையில்
ஒரு பையன் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.
நாற்பது ரூபாய்ப் பனியன், அக்குளில் உப்புப் பூத்து.
அவன் குனிந்தால் மடங்கினாள்,
நிமிர்ந்தால் விரிந்தாள்,
விலகின முகமூடியோடு.

நத்தக்காடையூர்ப் பெண் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.
மொட்டைமாடியில் வார்டன்
குழாயை எட்டிப் பார்த்தபடி
வெகுநேரம் நின்றாளாம்,
ருக்மாத்தாள் சொன்னாள்.