எத்தனை மாதம்

யூனுஸ் பாய் டேப்பை நீட்டி
எங்கள் வீட்டைக் கன அடியில் படித்துக்கொண்டிருந்தார்.
பீரோ முப்பத்திரண்டு.
கட்டில் கழற்றினால் பதினெட்டு.
மடிப்பாக்கத்து மே மாதம்
சுவரோடு சுவராக வேர்த்துக்கொண்டிருந்தது.

பச்சை ஒட்டினால் கப்பல்.
மஞ்சள் ஒட்டினால் மாதவரம் குடோன்.
சிவப்பு, கேட்கிறவருக்கு.
நானும் நவநீதனும் ஆளுக்கொரு கட்டு ஸ்டிக்கரோடு
வீட்டின் இரு முனைகளிலிருந்து தொடங்கினோம்.
நடுவில் சந்தித்தபோது
கிரைண்டர் மேல் மஞ்சளும் இருந்தது, பச்சையும் இருந்தது.

ஹாலிஃபாக்ஸில் கரண்ட் பாதிதான்.
நூற்றிருபது வோல்ட்டுக்குக் கல் சுற்றாது,
சுற்றினாலும் முனகும்.
டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம் என்றேன்.
நாலு இட்லிக்கு நாற்பது கிலோவா என்றான்.
ஆறு மாதம் பனி பெய்கிற ஊருக்கு
மூன்று கிரிக்கெட் மட்டைகள் பச்சையோடு நிற்பதைப் பார்த்தேன்.
சொல்லவில்லை.
பின்னால் தேவைப்படும்.

பீரோவில் முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு கோடு.
பதினைந்தாம் வருஷத்து டிசம்பர் தண்ணீர்
வந்து நின்று, யோசித்து, திரும்பிப் போன உயரம்.
இரண்டு முறை பெயின்ட் அடித்தாயிற்று,
துரு அதே மட்டத்தில் வந்துவிடுகிறது.
குடோன் மேடா பள்ளமா என்று கேட்டேன்.
"மேடுதாம்மா" என்றார் யூனுஸ் பாய்.
மே மாதத்தில் இந்த ஊரில் எல்லா இடமும் மேடுதான்.

குடோன் வாடகை மாதம் மூவாயிரத்து எண்ணூறு.
பதினாலாம் மாதம் வாடகை
சாமான் விலையைத் தாண்டிவிடும் என்று
போனில் தட்டிக் காட்டினான் நவநீதன்.
"அப்புறமும் ஏன் வைக்கிறாங்க?"
"முதல் வருஷம் பணம் தேதி தவறாம வரும் சார்.
ரெண்டாம் வருஷம் போன் வரும், சோபாவுக்கு எலி வந்துச்சான்னு.
மூணாம் வருஷம் மெயில்தான்.
நீங்களே பாத்து எதாச்சும் பண்ணிடுங்கன்னு."
சொல்லிவிட்டு மோர் இருக்குமா என்றார்.

பரண் மேல் ஓர் அட்டைப்பெட்டி.
வெள்ளம் வடிந்து வீடு மாறியபோது கட்டியது.
என் கையெழுத்தில் 'பிறகு' என்று மட்டும்.
"உள்ளே என்ன?"
தெரியாது.
"உடையுமா?"
தெரியாது.
"கஸ்டம்ஸுக்கு எழுதணும்மா, தெரியாதுன்னு எழுத முடியாது."
பிரித்தோம்.
செத்துப்போன டிவியின் ரிமோட்.
எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி.
தண்ணீர் குடித்து ஒட்டிக்கொண்ட எங்கள் கல்யாண ஆல்பம்,
நாற்பது பக்கமும் ஒரே செங்கல்லாக.
பிரித்தால் முகம் உரிந்துவிடும்.
ஆல்பம், ஒன்று, பயன்படுத்தியது
என்று பட்டியலில் எழுதினார் யூனுஸ் பாய்.

கடைசிக் கட்டம்: எத்தனை மாதம் வைக்க வேண்டும்?
ஆறு என்றான் அவன்.
முப்பத்தாறு என்றேன் நான்.
ஒரே நேரத்தில்.
பிறகு இருவரும் ஃபேனைப் பார்த்தோம்.

வேலை எனக்கு. கூட வருகிறேன் என்றது அவன்.
"போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றுதான்
விசா வந்த நாளிலிருந்து சொல்லிக்கொள்கிறோம்.
அந்த 'வரலாம்' எங்கே வருவது என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.

யூனுஸ் பாய் டேப்பைச் சுருட்டினார்.
"பன்னெண்டு போடுறேன், நீட்டிக்கலாம்."
காலி மோர் டம்ளரை எதன்மேல் வைப்பது என்று தெரியாமல்
கையிலேயே வைத்திருந்தார்.

ராத்திரி ஒன்றரை மணிநேரம் கரண்ட் இல்லை.
காலையில் பார்த்தால்
புழுக்கத்தில் பசை இளகி
பாதி ஸ்டிக்கர்கள் தரையில் கிடந்தன.
எது எதனுடையது?
நவநீதன் குனிந்து ஒரு மஞ்சளை எடுத்து
பீரோவின் கோட்டுக்கு மேலே ஒட்டினான்,
தண்ணீர் எட்டாத இடமாகப் பார்த்து.
நேற்று அங்கே நான் ஒட்டியிருந்தது சிவப்பு.

கிரைண்டரில் எதுவுமே இல்லை இப்போது.
உளுந்தை ஊறப் போட்டேன்.
லாரி வியாழக்கிழமைதான்.