பெட்டி மாறி வந்த வலி

முதலில் போனது கீழ்த்தாடையில், இடப்பக்கம்,
கடைசிக்கு முந்திய பல்.
பாலக்கோடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
பல் பிடுங்குகிற செங்கோடன் அறுநூறு வாங்கினார்.
வாயைத் திறந்ததுமே சொல்லிவிட்டார்:
"நம்ம ஊர்த் தண்ணி."
ஆமாம், என் பல் முழுக்கப் பழுப்புக் கோடு.
பிறந்ததிலிருந்து குடித்த போர்த் தண்ணீர்
எழுதிவைத்த கணக்கு.
கோடு விழுந்த பல்லை யார் நம்புவார்கள்?

பதினைந்து நாளில் பக்கத்துப் பல்லுக்கு வந்தது.
அதையும் கொடுத்தேன்.
மூன்றாம் நாள் லாரிப் பலகையில் கால் வைக்கிறேன்,
இல்லாத பல் வலிக்கிறது.

தக்காளி மண்டியில் எனக்கு ஏற்றுக்கூலி.
பெட்டி இருபத்தைந்து கிலோ.
நாலாவது பெட்டியைத் தோளிலிருந்து தள்ளும்போது
தாடைக்குள் யாரோ திருகாணி முறுக்குவார்கள்.
உட்கார்ந்து ஒரு பீடி பிடிப்பதற்குள் போய்விடும்.
மாதம்மா கிராம்பு வைத்தாள், உப்புத் தண்ணீர் கொடுத்தாள்,
மாரியம்மனுக்கு முடிந்தும் வைத்தாள்.
"என்னப்பா, உன் பல்லுக்கு வாட்சு கட்டியிருக்கியா?
வேலை நேரத்துல மட்டும் வலிக்குது"
என்று முதலாளி சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
சிரிக்கும்போது வலிக்கவில்லை.

பிறகு தருமபுரி.
நாலு ரோட்டுக்குப் பக்கம், உரக்கடைக்கு மேல் மாடி.
இருபத்திரண்டு படி. பதினாலாவதில் வந்தது,
கைப்பிடியைப் பிடித்து நின்றேன்.
டோக்கன் ஒன்பது.
ஒன்பதைக் கூப்பிடுவதற்குள்
காத்திருக்கப் பொறுமையில்லாதவன் போல
வலி எழுந்து போய்விட்டது.

டாக்டர் பர்வீன், சின்ன வயசு,
கண்ணாடிக் கம்பியின் பின்பக்கத்தால்
ஒவ்வொரு பல்லாகத் தட்டினார்.
"வலிக்குதா?"
இல்லை.
குளிர்ந்த பஞ்சு வைத்தார். "கூசுதா?"
இல்லை.
"பின்ன எப்பதான் வலிக்குது?"
"இங்க வரும்போதுங்க."
"பயமா?"
"பயமில்லீங்க. படி."

கம்பி அப்படியே நின்றது.
முகக்கவசத்தை இறக்கி
"மாடிப்படியா?" என்று கேட்டார்,
வாயைப் பார்க்காமல்
என் சட்டைப் பையைப் பார்த்து.
பையில் பீடிக்கட்டு. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

இறங்கி நடக்க விடவில்லை.
நாற்காலியோடு தூக்கினார்கள்.
உரக்கடைக்காரர் யூரியா மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து
ஒரு காலைப் பிடித்தார்; நாற்காலிக் காலை.
ஆயுளில் முதல் தடவை
என்னை ஒருவர் சுமந்தார்.

மெடிக்கல் காலேஜில் மார்பில் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள்.
நீளக் காகிதத்தில் என் பல்வலி
மேடும் பள்ளமுமாக ஓடியது.

மண்டியில் இது நடக்கிறதுதான்.
பச்சைப் பெட்டியில் ஒருவர் பெயர் எழுதியிருக்கும்,
உள்ளே இருக்கும் தக்காளி வேறொருவருடையது.
விடிகாலை அவசரத்தில் யார் அவிழ்த்துப் பார்க்கிறார்கள்?
எழுத்தைப் பார்த்து எண்ணிக்கையில் சேர்த்துவிடுவோம்.
நெஞ்சு அனுப்பிய சரக்கு
பல்லின் பெயர் போட்ட பெட்டியில் வந்திருக்கிறது.
நான் இரண்டு தடவை கைநாட்டு வைத்து இறக்கிக்கொண்டேன்.

அடைத்த குழாயில் சின்னதாக ஒரு கம்பிவலை வைத்தார்கள்.
இப்போது படி ஏறலாம், மெதுவாக.
பெட்டி தூக்கக்கூடாது.
எடைமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு கிழிக்கிறேன்,
பாதிக் கூலி.
ஒரு பாவமும் அறியாத இரண்டு பல் இருந்த இடத்துக்கு
நாக்கு மட்டும் அடிக்கடி
துக்கம் விசாரிக்கப் போய்வருகிறது.

போன வாரம் செங்கோடன் மண்டிக்கு வந்தார்,
மகள் சீருக்கு இரண்டு பெட்டி வேண்டுமென்று.
அறுநூறும் அறுநூறும் ஆயிரத்திருநூறு.
கேட்க வாய் திறந்தேன்.
திறந்த வாயை அவர் பழக்கத்தில் எட்டிப் பார்த்தார்.
"வலி போச்சா?"
"போச்சுங்க."
"பாத்தியா," என்றார், "வேரோட எடுத்தேன்ல."

நல்ல பழமாகப் பார்த்துப் போடச் சொன்னேன்.