கொடிகள்: இருப்பு விபரம்

சுற்றுநிருபம் செவ்வாய்க்கிழமை வந்தது.
சிங்களத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒன்றரை.
அலுவலகத்தில் எந்தக் கொடி பறக்கலாம்,
எது மேசையில் மட்டும் நிற்கலாம்,
எது இரண்டுக்கும் ஆகாது
என்பதை அவர்கள் முடிவு செய்யுமுன்
உள்ளதை எண்ணி அனுப்ப வேண்டும்.
வெள்ளிக்குள்.

எண்ணுவது என் வேலை.
பொத்துவில் பிரதேச செயலகத்தின் களஞ்சியத் திறப்பு
பதினொரு வருடமாக என் கைப்பையில்தான் கிடக்கிறது.

இரும்பு அலுமாரி, கீழ்த்தட்டு:
தேசியக் கொடி, பெரியது, மூன்று.
மாகாணக் கொடி ஒன்று, பொலித்தீன் உறை பிரிக்காதது.
வெசாக் கொடி ஒரு சாக்கு.
முகாமிலிருந்து தந்தார்கள், திருப்பிக் கேட்கவில்லை.
நந்திக் கொடி இரண்டு, மடிப்பில் இன்னும் திருநீறு.
பிறைக் கொடி ஒன்று,
காணிக் கிளை ஜவ்ஸி தன் காசில் தைப்பித்தது.
"பதிவேட்டில ஏத்தாதீங்க மிஸ், அது என்ட" என்றிருந்தார்.
அன்று ஏற்றவில்லை.
இன்று ஏற்றினேன்.

மூன்று மணிக்குக் கூட்டம்.
நந்தி மதமில்லை, மிருகம்தானே என்றா கணக்காளர் பவளராணி;
சிங்கம் நிற்கிற நாட்டில்
மாடு ஒரு மூலையில் படுத்தால் என்ன?
ஜவ்ஸி சிரிக்கவில்லை.
பச்சை ஏற்கெனவே கொடியில் இருக்கிறது,
பிறை மட்டும்தான் கூடுதல் என்றார்.
விமலசிறி தமிழைத் தேடித் தேடிச் சொன்னான்:
"வெசாக் கொடி... கொடி இல்ல மிஸ்.
அது அழகுக்கு."

அவரவருடையது அழகு.
மற்றவருடையதுதான் கொடி.
இதை நான் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை.

அறுகங்குடாவில் ஒரு ரொட்டிக் கடை,
அலைச்சறுக்க வருகிறவர்களுக்காகப்
பதினேழு நாட்டுக் கொடி கட்டியிருக்கிறது.
அதில் நாலு நாடு எங்கே இருக்கிறதென்று
முதலாளிக்கே தெரியாது.
மழைக்கு எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ளி
மாவுப் பெட்டிக்குமேல் வைப்பார்.

ஆறு மணிக்குக் காவலாளி பூபாலபிள்ளை
முற்றத்துக் கொடியை இறக்கித் தந்தார்.
நிலைமை என்ற நிரலும் உண்டே,
மேசையில் விரித்துப் பார்த்தேன்.

சிங்கம் இருக்கும் பக்கம் காற்றில் அடிபட்டு
ஓரம் நூல்நூலாகப் பிரிந்திருந்தது.
பச்சையும் செம்மஞ்சளும் கம்பத்துப் பக்கம்.
கிழியவில்லை.
கயிற்றோடு உரசி உரசி
இரும்புக் கறல் ஏறியிருந்தது.
பார்த்தால் காய்ந்த இரத்தம் மாதிரி, ஆனால் கறல்தான்,
தேசிக்காய் போட்டுக் கழுவினாலும் போகாது.
இத்தனை வருடம் இரண்டு பட்டியையும்
வாள் பார்த்துக்கொண்டிருக்கிறதென்றே நினைத்திருந்தேன்.
கிட்டப் பார்த்தால்
வாளின் நுனியைக் காற்று தின்றிருக்கிறது.

"பாவனைக்கு உதவாது" என்று எழுதினேன்.
பிறகு யாராவது தப்பாக வாசிப்பார்கள் என்று
"புதியது தேவை" என மாற்றினேன்.

அலுமாரியை மூடப்போனபோதுதான் மேல்தட்டில்
அந்தப் பார்சல்.
வெள்ளை, ஒன்பது.
கடல் வந்த நாளுக்கென்று வருடாவருடம் கட்டுவது.
இடையில் நடேசு ஐயாவின் செத்தவீட்டுக்கு இரண்டு போனது,
ஜவ்ஸியின் வாப்பாவுக்கு மூன்று,
விமலசிறியின் தங்கச்சிக்கு
கையில் கிடைத்ததெல்லாம்.
போனதெல்லாம் தோய்த்துத் திரும்பி வந்தது.
சுற்றுநிருபத்தில் வெள்ளை இல்லை.
கூட்டத்தில் ஒருவரும் அதைக் கேட்கவுமில்லை.

நான்காம் நிரல்: எச்சமூகத்துக்குரியது.
வெறுமையாக விட்டு அனுப்பினேன்.
வியாழன் காலை திரும்பி வந்தது,
சிவப்புப் பேனையால் ஒரு வட்டம்:
நிரல் எதுவும் வெறுமையாக இருக்கலாகாது.

பேனை மூடியைக் கடித்தபடி
இன்னும் இருக்கிறேன்.
வெளியே பூபாலபிள்ளை வெறுங்கம்பத்தில்
புதுக் கயிறு கோக்கிறார்,
மீன்வலைக் கயிறு, நீலம்.
அதற்கும் அனுமதி எடுக்க வேணுமா பிள்ளை
என்று கத்துகிறார்.