சுவரிலிருந்து ஒரு சாண்

பஞ்சிகாவத்தையில் நிஸ்தார்
கார்க் கதவுகளைப் புத்தகம் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறான்.
யப்பானில் ஏதோ ஒரு தெருவில் மோதியவை.
ஒன்றைத் திறந்து, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை
இரண்டு விரலால் மெல்ல அழுத்தினான்.
உரசாமல் போய், உரசாமல் வந்தது.
“கொயில் சுகம் மச்சான். ஓரம்தான் கிழிஞ்சி.
சோடி ஆயிரத்தி எண்ணூறு.”
பஸ் காசையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தேன்.
ஆமர் வீதி வழியாக நடந்தேன் கொட்டாஞ்சேனைக்கு,
கக்கத்தில்
இன்னும் பேசாத இரண்டு வாய்.

கிழிந்த ஓரத்துக்கு
போன மழையில் முறிந்த குடையின் துணி,
சைக்கிள் டியூப் ஒட்டும் பசை.
பெட்டிக்கு, தச்சுக்கடைக்காரன் வெட்டி எறிந்த பலகை.
அம்ப்ளிஃபயர் என்பது முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய,
இரண்டு தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைத் தகடு.
செத்துப்போன லப்டொப்பின் சார்ஜர்
அதற்கு உயிர் கொடுக்கிறது.
செலவை கலண்டரின் பின்பக்கம் எழுதினேன்.
மெரிட்டா படித்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தொங்கவிட்டாள்.

முதல் இரவு
வாளிக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது.

எனக்குத் தொழில் ஏசி கழுவுவது.
கறுவாத்தோட்டத்தில் ஒரு வீடு:
என்னை விட உயரமான ஸ்பீக்கர்கள்,
தேர் வடம் போல வயர்.
பொய் சொல்லக் கூடாது,
அங்கே தாழ்ந்த சுரம் தரையிலிருந்து முளைத்து வந்தது.
என் ஆறங்குலத்துக்கு அது ஒருநாளும் வராது.
ஆனால் மாபிளிலும் கண்ணாடியிலும் பட்டு
மிச்சமெல்லாம் சில்லறை கொட்டினது போலச் சிதறியது.
“என்ன குறையுது?” என்றார் வீட்டுக்காரர்,
ஏணியில் நின்ற என்னிடம், உண்மையாகவே.
“ஒரு கம்பளம், சேர்.”
அடுத்த சேர்விசுக்குப் போனபோது
கம்பளம் கிடந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும்
பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னுக்கு இழுத்தேன்.
மெத்தையைப் பின்சுவரில் சாய்த்தேன்.
ஈரச் சாரங்கள் கொடியில் இருந்தபடியே இருக்கட்டும் என்றேன்.
இதற்கு யாருக்கும் காசு கொடுக்கவில்லை.
வாளி போய்விட்டது.
பாட்டுக்கு முன்னால்
பாடுகிறவள் மூச்செடுத்தாள்.

கதவு தட்டியது. கீழ்வீட்டு சுனேத்ரா:
“என் கூரையில யார் உரல் இடிக்கிறது?”
என் நீல ரப்பர் செருப்பை அவள் முன்னாலேயே
நாலாக வெட்டி, வலது பெட்டிக்கு அடியில் வைத்தேன்.
அவள் கீழே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்,
வெறுங்காலோடு.
கையில் அவளுடைய சிவப்புச் சோடி.
“இதையும் வெட்டு. நாளைக்கு எனக்கு வேலை.”

இப்போது ஒரு பெட்டி நீலத்தில் நிற்கிறது,
மற்றது சிவப்பில்.
பாட்டு இரண்டிலிருந்தும் வரவில்லை.
நடுவில், அரிசி வாளி இருக்கிற இடத்தில்,
ஒருத்தி நின்று பாடுகிறாள்.
கண்ணைத் திறந்தால் வாளி,
மூடினால் அவள்.

மூன்றாவது பாட்டில் மெரிட்டா எழும்பிப் போய்
வாளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.